ஓசூரிலிருந்து ஜெர்மனிக்கு டெபுடேஷன்: விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டியவை

சிப்காட் ஆலையிலிருந்து இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஜெர்மன் கிளைக்கு அனுப்புகிறார்கள் என்றால், டெபுடேஷன் கடிதத்தில் அலவன்ஸ் எவ்வளவு என்று தேடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: இங்கிருக்கும் வேலை ஒப்பந்தம் தொடர்கிறதா, சம்பளச் செலவை ஏற்பது யார்? விசா, பி.எஃப்., வரி மூன்றும் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

இந்திய ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்தால் ஐ.சி.டி. அட்டைதான் (ஒரே குழுமத்துக்குள் இடம் மாற்றப்படும் ஊழியருக்கான அனுமதி) வழி. மேலாளருக்கும் நிபுணருக்கும் அதிகபட்சம் 3 ஆண்டு, பயிற்சியாளருக்கு 1 ஆண்டு. கிளம்பும் முன் அதே குழுமத்தில் இடைவிடாமல் 6 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஜெர்மனிக்குள் நுழையும் முன்பே போட்டாக வேண்டும். “முதலில் பிசினஸ் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த விசா எந்த 180 நாளிலும் 90 நாளுக்குத்தான். கூட்டத்தில் உட்காரலாம், உற்பத்தி லைனில் நின்று வழக்கமான வேலை பார்க்கக் கூடாது. பிடிபட்டால் சிக்கல் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குத்தான்.

ஓசூர்க்காரர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று. பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருக்கிறது, சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் வீட்டு முகவரி தமிழ்நாடு என்றால் நீண்டகால விசாவுக்கு உங்கள் துணைத் தூதரகம் சென்னைதான். பெங்களூரு அலுவலகம் கர்நாடகம், கேரளத்துக்கானது.

அடுத்தது சி.ஓ.சி. எனப்படும் காப்புச் சான்றிதழ். இதை யாரும் உங்களுக்காக நினைவு வைத்துக்கொள்வதில்லை. இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கே பி.எஃப். தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தால், இந்தச் சான்றிதழைக் காட்டி 48 மாதம் வரை அங்கே ஓய்வூதியக் காப்பீடு கட்டாமல் இருக்கலாம். அங்கே அதன் விகிதம் சம்பளத்தில் 18.6 சதவீதம், பாதி தொழிலாளியின் பங்கு. மாதம் 4,000 யூரோ சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து 372 யூரோ போகும், நிறுவனத்துக்கும் அதே செலவு. சான்றிதழை நிறுவனம் மூலம் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ. தளத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மன் கிளையோடு நேரடி ஒப்பந்தம் போட்டு இந்திய பி.எஃப். நின்றுபோனால் இந்த விலக்கும் போய்விடும். மருத்துவக் காப்பீடு இதில் சேராது. அது தனி, பயணக் காப்பீடு போதாது.

சி.ஓ.சி. தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப். எண்ணான யு.ஏ.என். கணக்கில் வெறும் இனிஷியல், பான் அட்டையில் இனிஷியல் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். பி.எஃப். பெயரைத் திருத்த சிலருக்கு நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும், அது வாரக்கணக்கில் இழுக்கலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

அந்தப் பெயர் அங்கே போனதும் மறுபடி வரும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். சில தற்காலிக விடுதிகள் அதைத் தருவதில்லை, பணம் கட்டும் முன் கேளுங்கள். பதிந்த பின் வரி எண் தபாலில் வரும். தபால்காரர் பார்ப்பது தபால்பெட்டியில் ஒட்டிய பெயரை. முந்தைய குடித்தனக்காரரின் பெயரோ வெறும் இனிஷியலோ இருந்தால் கடிதம் திரும்பிவிடும். வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடிப்பார்கள், இருப்பதிலேயே கூடுதல் அதுதான். வீட்டு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். அதை யார் கட்டுவது என்பது டெபுடேஷன் கடிதத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

கிளம்பும் தேதியிலும் கவனம் வேண்டும். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்தால் இங்கே வரிக் குடியிருப்பாளர், அந்த ஆண்டின் ஜெர்மன் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை 181 நாள். 29ஆம் தேதி டிக்கெட் போட்டால் எல்லை தாண்டிவிடும். அங்கே கட்டிய வரிக்குக் கழிவு உண்டு, ஆனால் அதற்கான படிவத்தையும் உரிய காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

வங்கிக்கு வேறு சட்டம். அன்னியச் செலாவணிச் சட்டப்படி நாள் கணக்கில்லை, வேலைக்குக் கிளம்பியதுமே நீங்கள் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆகிவிடுவீர்கள். இங்கிருக்கும் சேமிப்புக் கணக்கை, அப்படிப்பட்டவர்களுக்கான ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்துக் காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் மாந்தோப்பு வாங்கலாம் என்று திட்டமிடுபவர்கள் கவனிக்கவும்: என்.ஆர்.ஐ. விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வாங்குவதாக இருந்தால் போகும் முன் வாங்குங்கள்.

கார் ஓட்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துவிடுங்கள். குடியேறிய 6 மாதத்துக்குப் பின் இந்திய உரிமம் அங்கே செல்லாது, தேர்வு எழுதி வாகனமும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

கடைசியாகப் பெட்டி. கேழ்வரகு மாவு, மிளகாய்த் தூள், மாங்காய் ஊறுகாய் தாராளமாகப் போகும். நெய், பால்கோவா கூடாது, பால் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. கிருஷ்ணகிரி மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. 2019 டிசம்பர் 14 முதல் அந்தச் சான்று இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை.