காபரோனி நாட்குறிப்பு: போட்ஸ்வானாவில் ஆட்சி மாறிய நாட்கள்

2024 அக்டோபர் 27, ஞாயிறு

தலைநகர் காபரோனியில் வெயில் கொளுத்துகிறது. மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. புதன்கிழமை தேர்தல். மொசாம்பிக்கில் இந்த மாதம் நடந்த தேர்தலுக்குப் பிறகு தெருவில் ஆட்கள் சாகிறார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அம்மா பயந்துபோய் போன் செய்தாள்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை இருக்கிறார். அவரை ‘ம்மா’ என்றுதான் கூப்பிடுவேன். இந்த ஊர் மொழியான செட்ஸ்வானாவிலும் பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். “ஏதாவது நடக்குமா ம்மா?” என்று கேட்டேன். “என்ன நடக்கும்? வரிசையில் நிற்போம், கால் வலிக்கும்” என்றார்.

அக்டோபர் 30, புதன்

ஓட்டுப் போட விடியும் முன்பே மடக்கு நாற்காலியோடு கிளம்பிய ம்மா, மதியத்துக்கு மேல்தான் திரும்பினார். வரிசை முழுக்க வேலையைப் பற்றிய பேச்சுதானாம். நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி வைரம். ஜ்வானெங், ஒராப்பா சுரங்கங்களில் கிடைக்கும் கல்லை வாங்க இந்த வருஷம் ஆள் குறைவு. உழைக்கும் வயதில் நாலில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. எதிர்க்கட்சிக் கூட்டணியான யூடிசி, குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,000 பூலா என்று வாக்குறுதி தந்திருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இரவு அதிரசம் எடுத்துக்கொண்டு ம்மா வீட்டுக்குப் போனேன். வானொலியில் தொகுதி தொகுதியாக முடிவு சொல்கிறார்கள். அவர் பள்ளி நோட்டில் கட்டம் போட்டு, சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார். அவருக்கு என்றைக்கும் ஆளுங்கட்சியான பிடிபிதான். 1966இல் சுதந்திரம் வந்தபோது நாடு முழுவதற்கும் 12 கிலோமீட்டர் தார்ச்சாலைதான் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்று செரெட்சே காமா தலைமையில் ஆட்சியில் அமர்ந்த கட்சி, 58 வருஷமாக இறங்கவேயில்லை.

நோட்டில் பிடிபி கட்டம் காலியாகவே கிடந்தது. வெகுநேரம் கழித்து மூடி வைத்தார். “சரி, தோற்றோம்” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

நவம்பர் 1, வெள்ளி

எண்ணிக்கை முழுதாக முடியும் முன்பே, காலையில் அதிபர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். யூடிசி தலைவர் டூமா போகோவுக்குத் தானே போன் செய்து சொல்லியிருக்கிறார். இன்றைக்கே போகோ பதவியும் ஏற்றுவிட்டார்! நான் சாலைக்குப் போய்ப் பார்த்தேன். சிலர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஒரு கடைகூட மூடவில்லை.

61 இடங்களில் யூடிசிக்கு 36, மற்ற எதிர்க்கட்சிகளான பிசிபிக்கு 15, பிபிஎஃபுக்கு 5. பிடிபிக்கு வெறும் 4. ஆனால் ஓட்டில் அவர்களுக்குக் கிட்டத்தட்ட 30 சதவீதம்! தொகுதியில் முந்தியவருக்கே இடம் என்பதால் வந்த வினை. இது நியாயமில்லை என்று ம்மாவிடம் ஆதங்கப்பட்டேன். “இதே கணக்கில்தானே இத்தனை வருஷம் நாங்கள் ஜெயித்தோம்” என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

போன வாரமே பதவியேற்ற போகோவுக்கு, இன்று தேசிய விளையாட்டரங்கில் மக்கள் முன்னிலையில் பதவியேற்பு விழா. கூட்டம் ‘பூலா, பூலா’ என்று முழங்கியது. பூலா என்றால் மழை. பணத்துக்கும் அதே பெயர், வாழ்த்துக்கும் அதே சொல்.

இது நிலையான நாடு என்று ஊரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஒரே கட்சி ஆண்டதைத்தான் அப்படிச் சொன்னேனோ என்று இப்போது படுகிறது. வைர வருமானத்தைச் சேமிக்கும் பூலா நிதியும், 1994 முதல் இருக்கும் ஊழல் தடுப்புத் துறையும் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் தோற்ற அரசு எப்படி இறங்கும் என்பது போன வாரம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று போகோ தொலைக்காட்சியில் பேசி, மருந்துத் தட்டுப்பாட்டுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். கொள்முதலில் மருந்து விலை ஐந்து முதல் பத்து மடங்கு வரை ஏற்றப்பட்டிருக்கிறதாம். விநியோகத்தை ராணுவம் கவனிக்குமாம். வைரக் காசு வற்றியது ஒரு காரணம்தான். ஆனால் கொள்முதல் சீராக நடந்திருந்தால் இருக்கிற காசுக்கே கூடுதல் மாத்திரை வந்திருக்குமே! ஓட்டுப்பெட்டியை இவ்வளவு ஒழுங்காக நடத்தும் நாட்டில் மருந்துக்கிடங்கு இப்படிக் கிடப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ம்மாவின் மருந்துச்சீட்டில் மூன்று மாத்திரை. இரண்டின் பக்கத்தில் ‘இருப்பில்லை’ என்று போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாளைக் காலை 7 மணிக்கு அவரைத் திரும்பவும் வண்டியில் கூட்டிப் போகிறேன். மடக்கு நாற்காலியை மறக்காமல் எடுத்து வைக்கச் சொன்னார்.