கூடுதல் கிணறுக்கு யாரைக் கேட்க வேண்டும்?

என் அக்கா மகன் அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் எண்ணெய் ரிக்கில் ஜியாலஜிஸ்டாக இருக்கிறான். சேலத்தில் படித்து, மேல்படிப்புக்குப் போய், அங்கேயே வேலையில் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடுவான். இந்த முறை பேச்சு முழுக்க ஒரு மனுவைப் பற்றித்தான். ஏற்கெனவே எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பரப்பில் இன்னும் சில கிடைமட்டக் கிணறுகள் போட அனுமதி கேட்டு ஒரு கம்பெனி மனு கொடுத்திருக்கிறதாம், விசாரணை வருகிறதாம். "கிடைமட்டக் கிணறுன்னா உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லைங்க மாமா, நம்ம சைடு போர்தான்" என்றான்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் குப்பனூர் தொடங்கி வாழப்பாடி வரைக்கும் சைடு போர் தெரியாத விவசாயி கிடையாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கிணறு எழுபது, எண்பது அடி ஆழம் இருக்கும். அடியில் பாறை. மேற்கொண்டு வெட்டினால் செலவு தாங்காது. அதனால் கிணற்றின் தரையில் மிஷினை இறக்கி, சுவரில் படுக்கைவாட்டில் துளை போடுவோம். ஆட்கள் கிரேன் வாளியில் இறங்குவார்கள். மிஷின் பின்வாங்காமல் இருக்க எதிர்ச்சுவரில் முட்டுக் கொடுக்க வேண்டும். ராடு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் நூறு அடி, நூற்றைம்பது அடி உள்ளே போகலாம். கல்மாவு சாம்பல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தால் கெட்டிப் பாறை. கொஞ்சம் காவி கலந்து வந்தால் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறது. வெடிப்பைத் தொட்டதும் ராடைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சும். மேலே நிற்கிற வீட்டுக்காரம்மா சத்தத்தை வைத்தே புரிந்துகொண்டு கற்பூரம் எடுக்கப் போய்விடுவார்.

இந்த வேலையைத்தான் நான் பல வருஷம் சொந்த மிஷின் வைத்துச் செய்தேன். இதில் சண்டை எங்கே வரும் என்றால், முதல் துளையில் வராது. இரண்டாவது, மூன்றாவது துளையில்தான் வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் வந்து நின்றுகொள்வார். எந்தப் பக்கம் போடுகிறீர்கள், எத்தனை அடி, என் வரப்பைத் தாண்டிவிட்டதா? இந்த மூன்றும்தான் அவர் கேள்வி. அதற்காக எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. துளை முடிந்ததும் ராடை எல்லாம் மேலே ஏற்றி, வரிசையாகத் தரையில் போட்டு, இரண்டு பேர் முன்னாலும் எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டப்படி தன் நிலத்தின் எல்லைக்குள் இருக்கும் நிலத்தடித் தண்ணீரை எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. எல்லைக்குள் என்பதை உறுதி செய்ய எங்களிடம் இருந்தது அந்த ராடு எண்ணிக்கைதான்.

வடக்கு டகோட்டாவில் இதே சங்கதி வேறு அளவில் நடக்கிறது. அங்கே பாக்கன் என்று ஒரு பாறை அடுக்கு. சுமார் 36 கோடி ஆண்டுப் பழையது. இரண்டு கறுப்புக் களிப்பாறை அடுக்குகளுக்கு நடுவில் வேறு மாதிரி ஒரு பாறை மாட்டிக்கொண்டிருக்கிறது, எண்ணெய்க்குக் குறி அந்த நடு அடுக்கு. அதற்குப் போக முதலில் நேராகச் சுமார் 10,000 அடி இறங்க வேண்டும். நம்ம ஊரில் ஆயிரம் அடி போர் போட்டாலே ஊரே பேசும். இறங்கியதும் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, அடுக்கோடு அடுக்காக இன்னொரு 10,000 அடி படுக்கையில் போகிறார்கள். இப்போது மூன்று மைல் நீளம்கூடப் போடுகிறார்களாம்.

அவ்வளவு ஆழத்தில் துளை சரியான அடுக்கில்தான் போகிறதா என்று எப்படித் தெரியும்? அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். துளை போடும் முனைக்கு பிட் என்று பேர். அந்த பிட்டுக்குப் பின்னால், பாறையிலிருந்து வரும் காமா கதிரை அளக்கும் கருவி இருக்கிறது. கறுப்புக் களிப்பாறையில் அந்த அளவு எகிறும், நடு அடுக்கில் தாழும். திரையில் கோடு மேலே ஏறினால் துளை அடுக்கை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். உடனே அக்கா மகன் பிட்டின் சாய்வைத் திருத்தச் சொல்வான். மேலே வரும் கல்தூளைக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தும் பார்ப்பான். நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த கல்மாவை அவன் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிறான்.

சரி, கூடுதல் கிணறு எதற்கு? அந்தப் பாறை இறுகலானது. தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து அழுத்தத்தில் செலுத்தி உடைத்தால்தான் எண்ணெய் வரும். உடைத்த இடத்தைச் சுற்றி உள்ளதுதான் வரும், தூரத்தில் இருப்பது நகராது. முதல் வருஷத்திலேயே வரத்து பாதிக்கு மேல் குறைந்துவிடும். வருமானம் நிற்காமல் வர வேண்டுமென்றால் கம்பெனி அடுத்த கிணறு, அதற்கடுத்த கிணறு என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பழைய கிணறுக்கு மிக அருகில் புதுசு போட்டால், உடைக்கும்போது அழுத்தம் பழைய கிணற்றுக்குள் போய் அதையும் கெடுக்கும். மூன்றாவது சைடு போர் போட்டதும் முதல் துளை வற்றுவதைக் கண்ணால் பார்த்தவன் நான். இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால்தான் அங்கே யூனிட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 640 ஏக்கர் ஒரு சதுர மைல். அப்படி இரண்டு சேர்ந்து 1,280 ஏக்கர், ஒரு மைல் அகலம், இரண்டு மைல் நீளம். இரண்டு மைல் போகும் படுக்கைக் கிணறுக்குச் சரியாகப் பொருந்துகிற அளவு. ஒரு யூனிட்டில் எத்தனை கிணறு என்று முன்பே உத்தரவு இருக்கும். கூடுதலாக வேண்டுமென்றால் பிஸ்மார்க் நகரத்தில் விசாரணைக்கு வர வேண்டும். முடிவு எடுப்பது 1919-ல் அமைத்த தொழில் கமிஷன். அதில் மூன்றே பேர்: மாநில ஆளுநர், அட்டர்னி ஜெனரல், வேளாண் ஆணையர். மூன்று பேரும் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள்.

எண்ணெய்க் கிணறு முடிவில் வேளாண் ஆணையருக்கு ஒரு ஓட்டு இருக்கிறது என்பதைக் கேட்டதும் நான் போனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கே எல்லாம் விவசாயிக்குச் சாதகமாகத்தான் நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவனே சொன்னான், பெரும்பாலான மனுக்கள் அனுமதியில்தான் முடியும், எதிர்த்துப் பேச வருபவர்கள் குறைவு என்று. சம்மதிக்காத உரிமையாளரின் பங்கையும் கமிஷன் உத்தரவு போட்டு யூனிட்டில் சேர்த்துவிடலாம். நிலம் ஒருவருக்கும் அடியில் உள்ள கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருந்தால், மேலே பயிர் வைத்தவருக்குச் சேத இழப்பீடு மட்டும்தான், எடுக்கும் எண்ணெயில் பங்காக வரும் ராயல்டி கிடையாது. 2014 வாக்கில் எண்ணெயோடு வந்த வாயுவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அங்கேயே வீணாக எரித்தார்கள். இவ்வளவு இருந்தும், எந்தச் சதுர மைலில், யாருடைய மனு, எத்தனை கிணறு என்று செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறது. கேள்வி கேட்க ஒரு இடமும் தேதியும் இருக்கிறது. கனிமம் சொந்தமாக உள்ளவருக்கு எட்டில் ஒரு பங்கோ, ஆறில் ஒரு பங்கோ ராயல்டி வருகிறது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம்.

சேலத்தில் எண்ணெய் கிடைக்காது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய கல். எண்ணெய் பெரும்பாலும் படிவுப் பாறையில்தான் இருக்கும். அது காவிரி கீழே போய்ச் சேரும் டெல்டாவிலும் அதற்குத் தெற்கே ராமநாதபுரம் பக்கமும் இருக்கிறது. மேட்டூரில் மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் போய்ப் பாயும் வயல்களுக்கு அடியில்தான் எண்ணெயும் வாயுவும். அதனால் இது எங்கோ நடக்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 2020 பிப்ரவரி 9-ம் தேதி, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்குவோம் என்று அப்போதைய முதல்வர் அறிவித்ததும் நம்ம மாவட்டத்துத் தலைவாசலில்தான், கால்நடைப் பூங்கா அடிக்கல் விழாவில். அதே மாதம் சட்டமும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேலைகளை அது தொடவில்லை. மண்டலத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் அதனால் பாதுகாப்பு இல்லை.

அந்த அறிவிப்புக்குச் சில வாரம் முன்பு, 2020 ஜனவரி 16-ல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் ஆய்வுக் கிணறுகளை 'பி2' வகைக்கு மாற்றியது. அந்த வகைக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. மாநில அளவில் உள்ள ஆணையமே பேப்பரைப் பார்த்து அனுமதி கொடுக்கலாம். எடுக்கும் கட்டத்துக்கு வந்தால் கூட்டம் உண்டு. ஆனால் ஆய்வு முடிந்து, பணம் இறங்கி, எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்தபிறகு நடக்கும் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லும் பலம் எந்த ஊருக்கு இருக்கும்? அந்தக் கூட்டம் முதல் துளைக்கு முன்னால் நடக்க வேண்டும்.

2025 மார்ச்சில் ராமநாதபுரம் பக்கம் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநில ஆணையம் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. ஆகஸ்ட்டில்தான் அது வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். அப்புறம் அனுமதியைத் திரும்பப் பெறும்படி அரசு அறிவுறுத்தியது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த ஊர்க்காரர்கள் வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டு, கண்மாய்த் தண்ணீரைக் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். அவர்கள் காலுக்கு அடியில் என்ன திட்டம் என்பது ஆபீஸ் ஃபைலில் மட்டும்தான் இருந்திருக்கிறது. எனக்கு இதுதான் பொறுக்க முடியவில்லை.

எண்ணெயே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. என் கம்ப்ரசர் டீசலில்தான் ஓடியது. ஒரே மேடையிலிருந்து பல படுக்கைக் கிணறுகள் போட்டால் மேலே பிடிக்கும் நிலம் குறைவு என்று கம்பெனிகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த வசதியிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு மேடை தெரியும். அங்கிருந்து கிளம்பும் துளை எந்த ஊருக்கு அடியில் போய் முடிகிறது என்று மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது. ரெண்டு மைல் என்றால் குப்பனூரிலிருந்து அடுத்த ஊரைத் தாண்டிவிடும். வரப்பில் வந்து நின்று ராடை எண்ண அங்கே யாராலும் முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கூடுதல் கிணறுக்கும் புதிதாக அறிவிப்பு வேண்டும் என்கிறேன். முன்பே கொடுத்த அனுமதியோடு ஒட்டிவிட்டுப் போகக் கூடாது.

சேலத்துக்காரர்களுக்கு இது புரியும். 2018-ல் எட்டுவழிச்சாலைக்கு அளவுக் கல் நட வந்தபோது, தோட்டத்துக்குள் ஆள் வந்த பிறகுதான் பல பேருக்கு விஷயமே தெரிந்தது. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்றது. கல்லைக் கண்ணால் பார்த்ததால்தான் நம் ஜனங்கள் எழுந்தார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே படுக்கையில் போகும் துளைக்கு யாரும் கல் நடப் போவதில்லை.

பணத்திலும் நமக்கு நிலைமை வேறு. இங்கே பூமிக்கு அடியில் உள்ள எண்ணெய் விவசாயிக்குச் சொந்தமில்லை. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. குழாய் பதித்தால் 1962-ம் வருஷத்துச் சட்டப்படி நில மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு, அதற்குமேல் அந்தப் பட்டையில் கட்டடமும் கட்ட முடியாது, மரமும் வைக்க முடியாது. தென்னை வைத்திருப்பவனிடம் போய் அந்தப் பத்து சதவீதத்தைச் சொல்லிப் பாருங்கள். லாபத்தில் பங்கே இல்லாதவனுக்குச் சொல்லும் உரிமையாவது முழுசாக இருக்க வேண்டாமா?

என்னிடம் மிஷினில் வேலை பார்த்த பையன் ஒருவன் கல்யாணத்துக்குப் பிறகு ராமநாதபுரம் மாவட்டத்தில் மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டான். அவனுக்கு நேற்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். மறுபடி இப்படி ஏதாவது மனு வந்தால், கிணறு அமையும் சர்வே எண், துளை திரும்பும் திசை, மொத்த நீளம், அது கடந்து போகும் ஒவ்வொரு சர்வே எண், பாறையை உடைப்பதாக இருந்தால் அதற்கு எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள், எண்ணெயோடு மேலே வரும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவார்கள், பின்னால் எத்தனை கிணறு கூடுதலாகக் கேட்கப் போகிறார்கள், இவ்வளவும் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லியிருக்கிறேன். "அண்ணா, வாசகத்தை நீங்களே எழுதிக் குடுங்க, நான் தலைவர்கிட்ட பேசறேன்" என்று பதில் போட்டிருக்கிறான். இந்தப் பதிவை ஏற்றிவிட்டு அதைத்தான் எழுத உட்காரப் போகிறேன்.