சைக்கிளும் ரொட்டியும்: ஹட்டன் நாட்குறிப்பு

2025 ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்கு மறுநாளிலிருந்து, இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்து தலவாக்கலையில் உள்ள அலுவலகத்துக்குப் பஸ்ஸை விட்டுவிட்டுச் சைக்கிளில் போய்வருகிறேன். உடம்பைக் குறைப்பதுதான் நோக்கம் என்பதால், காலையில் இரண்டு பிஸ்கட்டும் பால் சேர்க்காத ஒரு சாயத்தண்ணியும் போதுமென்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளே, சென்கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் கை நடுங்கி, கண் இருண்டு, சைக்கிளை மதகில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஈரலில் சேமிப்பாக இருக்கும் மாச்சத்து ஏறத்தாழ 100 கிராம்தான். அதுவும் இரவு முழுவதும் உண்ணாமல் கிடக்கும்போது பெருமளவு குறைந்துவிடும். காலியான பெட்டகத்தை நம்பி மலையேறியிருக்கிறேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றை உள்ளங்கையில் வைத்துக் கடித்தபடி குடித்த தேநீரின் இனிப்பு, நாற்பது வருடங்களில் நான் அறியாத இனிப்பு.

பெப்ரவரி 5, புதன்

ஒரு விசித்திரம். மாலையில் விரைவாக மிதித்து வந்தால், வீட்டில் சோறு காத்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சாப்பாட்டின் மீது நாட்டமே வருவதில்லை. கடும் உழைப்புக்குப் பிறகு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு சிறிது நேரம் தணிந்திருக்கும் என்பதே அதற்குக் காரணம். நானோ அதை மனவுறுதி என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெருமை, அலுமாரியில் இருந்த மூன்று ரோல்ஸோடு முடிந்துபோனது. "வயித்துக்குள்ள கெணறு வெட்டிக்கிட்டு வந்தியா?" என்று அம்மா கேட்டார். தராசின் முள் இம்மியும் அசையவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

நேற்று மகா சிவராத்திரி. விரதம் என்பதால் சைக்கிளைத் தொடவில்லை. நண்பகலுக்கு வந்த பசி, கவனிப்பார் இல்லாததால் சற்று நேரத்தில் தானாகவே போய்விட்டது. இரவு மறுபடி வந்து, மறுபடி போனது. நாம் வழக்கமாக உண்ணும் நேரத்தையொட்டிக் கிரெலின் ஏறி இறங்குகிறது என்பதைப் படித்திருக்கிறேன். நேற்று அதை வயிற்றாலேயே அறிந்தேன். ஆனால் வளைவில் என்னை உட்காரவைத்த பசி அப்படிப் போகிற வகை அல்ல. அது கடிகாரத்தைப் பாராமல் வந்து, கொடுத்தால்தான் போகும். இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

மார்ச் 16, ஞாயிறு

இந்த மாதத்தின் செய்தி ரொட்டிதான். கோதுமை மாவில் தேங்காய்ப் பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கனமாகத் தட்டிச் சுட்ட ரொட்டியும் இடித்த சம்பலும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த எனக்குப் பள்ளிக்கூட நாட்களில் வெட்கத்தின் அடையாளம். டவுன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பைக்குள்ளேயே பிய்த்துத் தின்றிருக்கிறேன். சம்பளம் வந்ததும் நான் முதலில் மறந்த உணவும் அதுவே. பேக்கரிப் பணிஸும் ரோல்ஸும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இப்போது ஆறு மணிக்கு ஒன்றரை ரொட்டி தின்றுவிட்டுக் கிளம்பினால், அலுவலகம் போய்ச் சேரும்வரை கால் தளர்வதில்லை. பணிஸ் தின்ற நாட்களில் கொட்டகலை தாண்டும்போதே வயிறு முனகத் தொடங்கிவிடும். அம்மா முப்பது வருடம் இதைத் தின்றுவிட்டுக் கொழுந்துக் கூடையோடு மலையேறினார். எனக்கு விளங்க ஒரு சைக்கிள் தேவைப்பட்டிருக்கிறது. வியர்த்து வந்த பின் சம்பலின் உப்பும் மாசிக் கருவாடும் நாக்கில் படுகிற விதமே வேறு.

சீனியையும் பாதியாகக் குறைத்திருக்கிறேன். தீர்மானம் செய்து குறைத்ததல்ல, மூன்று கரண்டி போட்ட தேநீர் திடீரென்று பாகுபோல் திகட்டியது. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்குத் தரமான பருவம்; வறண்ட குளிர்காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் ஏறும். தேயிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கும் தலவாக்கலைக்குத் தினமும் போய்வந்தும், அந்த மணத்தை இத்தனை காலம் சீனிக்குள் புதைத்துக் குடித்திருக்கிறேன்.

மே 31, சனி

ஐந்து நாட்களாகத் தென்மேற்குப் பருவமழை. பாதையில் மண் சரிந்து கிடப்பதால் பஸ்ஸில்தான் போகிறேன். மணி பார்த்துச் சாப்பிடும் வழக்கம் அதற்குள் திரும்பிவிட்டது. இன்று காலை அரை ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. இரவு மாவை அளக்குமுன் ஜன்னலைத் திறந்து, மலைப்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒரு பிடி மாவைத் திரும்ப டின்னுக்குள் போட்டார்.