நம் ராஜா பெயர் இல்லாத கற்கள்

கல்வெட்டுப் படிப்பதுதான் என் வேலை என்று யாரிடமாவது சொன்னால் போதும், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் "சார், கடாரம் போயிருக்கீங்களா, அங்க ராஜேந்திரனைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். கேட்பவர்களின் ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கடாரத்தின் மேல், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா பக்கம், ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் நடத்திய படையெடுப்பை விரிவாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி, அதாவது மன்னன் புகழ் பாடும் கல்வெட்டுப் பகுதி, தஞ்சாவூர் பெரிய கோயிலில், நம் ஊரிலேயே இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நான் தேடிப் போய்ப் பார்த்த தமிழ்க் கற்களை வெட்டி வைத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் வேலையைப் பற்றி. நம் ஊர்க் கோயிலில் என்றால் கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றிப் படியெடுப்போம். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் கல்லைத் தொடவே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. கேமராவும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிற ஒரு விளக்கும்தான் துணை. வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து மறைந்துவிடும், சாய்ந்து விழுந்தால் எழுந்து நிற்கும். அப்புறம் இன்னொன்று: இந்தக் கற்களில் பலவற்றுக்கு இரண்டு விலாசம் உண்டு. கிடைத்த இடம் ஒன்று, இப்போது இருக்கிற இடம் ஒன்று. நான் இரண்டுக்கும் போவேன், கிடைத்த இடத்தில் பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை என்று தெரிந்தாலும்கூட.

பாரூஸ் அதற்கு நல்ல உதாரணம். சுமத்ராவின் மேற்குக் கரையில், இன்றைக்குச் சின்ன ஊர். அதன் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் கிடைத்த கல் உடைந்த துண்டுகளாக ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1010, அதாவது பொது ஆண்டு 1088, மாசி மாதம். வாரோசு என்ற பட்டினத்தில், அதாவது பாரூஸில், கூடியிருந்த திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு போட்ட கட்டளை அது: வந்து சேரும் கப்பல்காரர்கள் கஸ்தூரி விலைப்படி கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டும். அவ்வளவுதான் விஷயம், துறைமுகத்தில் வசூலிக்கிற கட்டணம். ஜகார்த்தாவில் அதைப் படித்தால் ஒரு வரி ரசீது மாதிரி இருக்கும். லோபு துவாவுக்குப் போய், பின்னாலிருக்கிற மலைக்காட்டையும் முன்னாலிருக்கிற கடலையும் பார்த்தால்தான் இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்பது உறைக்கிறது. அந்தக் காடு கற்பூர மரக் காடு. பாரூஸ் கற்பூரம் என்றால் அரபு நாடு வரைக்கும் பெயர். 1990-களில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் வந்தன.

படித்து முடித்துவிட்டு நான் திரும்பத் திரும்பத் தேடியது ஒரு பெயரை. 1088-இல் தஞ்சை நாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருக்கிறான். ராஜேந்திரனின் கப்பல்கள் இந்தப் பக்கம் வந்து அறுபது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் கிடைத்திருக்கும் வாசகத்தில் சோழ மன்னன் பெயரே இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. ஊர்ச் சிவன் கோயிலில் ஒரு ஆடு கொடுத்தால்கூட மன்னன் பெயரைச் சொல்லி ஆண்டு எழுதுகிற காலம் அது. இங்கே வெறும் சக ஆண்டு போட்டு, தங்கள் குழுவின் பெயரில் கல் நாட்டியிருக்கிறார்கள்.

தாய்லாந்தில் தகுவா பா பக்கம் கிடைத்த கல் இதைவிடப் பழசு, 9-ஆம் நூற்றாண்டு. சிதைந்த முதல் வரியில் ஒரு வர்மனின் பெயர் பாதி தெரிகிறது, குளத்துக்கு வைத்த அவனிநாரணம் என்ற பெயரும் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர்தான். அதனால் பல்லவத் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கல்லின் சாரம் என்ன? ஒருவர் ஒரு குளம் தொட்டார், அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவுக்கும் சேனாமுகத்தார் என்ற படைக் குழுவுக்கும் அடைக்கலம். வெட்டிய குளத்தை யார் பார்த்துக்கொள்வது என்கிற ஏற்பாடு. அந்நிய மண்ணில் இறங்கி, குடிக்கவும் குளிக்கவும் தண்ணீருக்கு வழி செய்துகொண்டு, அதை எழுதியும் வைத்த மனிதர்களை நினைத்தால் எனக்கு எந்தப் போர்ச் செய்தியையும்விடப் பெருமையாக இருக்கிறது.

மியான்மரின் பகானில் இருக்கிற 13-ஆம் நூற்றாண்டுக் கல்லையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். மலைமண்டலத்து மகோதயர் பட்டணம், அதாவது கொடுங்கல்லூர்ப் பக்கத்துக்காரர், ஸ்ரீகுலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்கிறார். மேலே குலசேகரரின் முகுந்தமாலையிலிருந்து ஒரு சுலோகம், கீழே தமிழ். ஆயிரக்கணக்கான பௌத்தக் கோபுரங்கள் நிற்கிற சமவெளியில் ஒரு பெருமாள் கோயில், அதுவும் நானாதேசி வணிகர் பெயரால். அங்கே இன்றும் நிற்கிற விஷ்ணு கோயிலான நட்ஹ்லாங் சௌங்குக்குள் போனபோது விளக்கு எங்கே நின்றிருக்கும் என்று தரையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது இதே கோயில்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் நடந்தேன்.

இலங்கையின் பொலன்னறுவையில் நான் பார்த்த கல் இவை எல்லாவற்றையும்விட மனதைப் பிசைந்தது. அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது இன்றைக்குத் தமிழ், சிங்களம் என்று இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் பேசுகிறோம். முதலாம் விஜயபாகு 1070 வாக்கில் சோழர்களை இலங்கையிலிருந்து வெளியேற்றியவன். அவன் காலத்தில் கட்டிய புத்தரின் பல் தாதுக் கோயிலைக் காப்போம் என்று உறுதி எடுத்து, தங்கள் பெயரையே அந்தக் கோயிலுக்கு வைத்து, தமிழில் நீளமான கல்வெட்டு எழுதியவர்கள் யார்? வேளைக்காறர் என்ற தமிழ்ப் படையினர். மூன்றுகைத் திருவேளைக்காறன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயர். சோழர் தோற்ற ஊரில், தோற்கடித்த மன்னனின் பௌத்தப் பள்ளிக்குத் தமிழ் பேசும் படை காவல். இதைப் பாடத்தில் சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம் என்று எனக்குப் புரியவில்லை, ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிக்க வேண்டிய கல் அது.

சீனாவுக்கு வருவோம். கடலோர நகரமான சுவான்சோவில் 1956-இல் கிடைத்த கல், சக ஆண்டு 1203, அதாவது 1281, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள் திருக்கதலீச்வரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்கிறார், யாருக்காக? செகசைக்கான் திருமேனிக்கு நன்றாக. கான் என்பது அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர், குப்லாய் கானாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய பர்மான்படி, அதாவது ஆணைப்படி, என்றும் எழுதியிருக்கிறது. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் வலுவாக ஆண்ட காலம் அது, அவன் பெயர் கல்லில் இல்லை. சிவனை வைத்தது சீன மண்ணில், மங்கோலியர் அனுமதியில், ஆகவே வாழ்த்தும் அவருக்குத்தான். இது பணிவா பிழைப்பா என்று ஒரு மாணவர் கேட்டார். எனக்கு இரண்டாகவும் தெரியவில்லை, இருக்கிற ஊரின் ஒழுங்கை மதித்து தன் சாமியையும் விடாமல் வைத்துக்கொண்ட நாகரிகமாகத்தான் தெரிகிறது.

அந்தக் கோயில் இன்று இல்லை. ஆனால் அதே ஊரில் கைய்யுவான் பௌத்தக் கோயிலுக்குப் போய், பெரிய மண்டபத்தின் பின்பக்கம் சுற்றி வாருங்கள். அங்கே நிற்கிற இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் முதலைப் பிடியிலிருந்து மீட்கப்பட்ட யானையும் இருக்கிறார்கள். இடிந்த கோயிலின் கல்லைத் தூக்கி எறியாமல் தங்கள் கோயிலைப் பழுதுபார்த்தபோது தூணாக நிறுத்திக்கொண்டார்கள். ஊதுவத்தியோடு கடந்துபோகிற மக்களைப் பார்த்துக்கொண்டு அந்தத் தூண்களின் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியவில்லை.

இப்போது என் மேசையில் இருப்பது காலிக் கல்வெட்டு. 1911-இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகை மூடிய பலகையாகக் கவிழ்ந்து கிடந்தது, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிங் பேரரசரின் பெயரால் கடலோடி செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது, கல்லில் உள்ள தேதி 1409. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையில் இருந்த தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று மூன்று மொழியில் மூன்று காணிக்கை. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 100 என்று பட்டியல் நீள்கிறது. நாயனாரின் கோயிலை 1588-இல் போர்த்துக்கீசியர் இடித்துவிட்டார்கள், காணிக்கைப் பட்டியல் மட்டும் பிழைத்திருக்கிறது. கல் சீனாவிலேயே தயாராகிக் கப்பலேறியது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அப்படியானால் அந்தத் தமிழை அங்கே எழுதிக் கொடுத்த ஒருவர் இருந்திருக்க வேண்டும், பெயர் போடாத ஒருவர். சுவான்சோ கல்லுக்கும் இதற்கும் நடுவே 128 ஆண்டு இடைவெளி. சீன உளி பழகிய கை தமிழ் எழுத்தின் சுழியையும் வளைவையும் எப்படி வெட்டியிருக்கிறது என்று இரண்டு கற்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்து வருகிறேன். இதுவரை ககரமும் மகரமும் முடிந்திருக்கின்றன.