கடிகாரம்போல் ஓடும் நாடி

எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'கடிகாரமாட்டம் ஓடுதுங்க' என்று சொன்னால் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈசிஜி எடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கோ, அப்படிச் சிறிதும் பிசகாத நாடியைக் கண்டால்தான் கவலை பிறக்கிறது.

இதயத் துடிப்பைத் தொடங்கிவைப்பது நரம்பு அன்று. இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு என்ற சிறு திசுத் திரள். தன்போக்கில் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு ஓய்வில் அதை இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நாம் 70 என்று எண்ணுகிறோம். வேகஸைத் தூண்டிய தவளை இதயத்தின் திரவம் இன்னொரு தவளை இதயத்தையும் மெதுவாக்குவதை 1921-இல் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி காட்டினார். அந்தத் திரவத்தில் இருந்தது, நரம்பு முனை சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் என்பது பின்னர் உறுதியானது. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து உடம்பில் ஏறிய விவசாயிக்கு இதே பொருள் சிதையாமல் தேங்குவதால்தான் நாடி இறங்குகிறது; அட்ரோபின் ஊசி அதன் வேலையைத் தடுத்து நாடியை மீட்கிறது.

நோயாளியைப் படுக்கவைத்து, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வீதத்தில் ஆழமாக இழுத்துவிடச் சொல்லி ஈசிஜியை ஓடவிடுவோம். இழுக்கையில் வேகஸின் பிடி தளர்ந்து துடிப்பு விரைய வேண்டும், விடுகையில் பிடி இறுகித் துடிப்பு தளர வேண்டும். நிமிடத் துடிப்பில் இந்த வேறுபாடு 15-க்கு மேல் இருந்தால் நிம்மதி; 10-க்குக் கீழே போனால் வேகஸ் நலிந்திருக்கலாம். வயது ஏற ஏற வேறுபாடு தானாகவே குறையும் என்பதால், வயதைக் கேட்காமல் தாளை மட்டும் படிப்பவர்களை நான் நம்புவதில்லை. சர்க்கரை நீளமான நரம்புகளை முதலில் அரிக்கும். வேகஸ் மிக நீளமானது. அது தளர்ந்ததும் ஓய்விலேயே நாடி 90, 100 என்று நின்றுவிடுகிறது.

இதயத்தின் வலியைச் சுமக்கும் இழைகள் பெரும்பாலும், அவசரத்தில் இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளோடு சேர்ந்தே மேலே செல்கின்றன. அவையும் கெட்டுவிட்டால் மாரடைப்பு ஓசையின்றி வரும். பவானியிலிருந்து வந்த ஜமக்காள நெசவாளர் ஒருவர், சட்டை நனைய வியர்த்த நிலையிலும், "நெஞ்சுவலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வாயுவாட்டந்தான் இருக்குது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. அதனால், நெடுநாள் சர்க்கரை உள்ளவர் திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, காரணமில்லாத அசதி என்று வந்தால், வலி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே ஈசிஜி கம்பிகளைப் பொருத்திவிடுகிறேன்.