மழை விட்டபிறகு கசியும் மூலை

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. சரியாக வடகிழக்குப் பருவமழை நேரம். முந்தைய ஆண்டு மழை முழுவதையும் ஜன்னல் திறக்காமலே கடந்த வகுப்பறைகளைப் பார்த்துச் சொல்லும் வேலை, கட்டடப் பொறியாளர்களான எங்களிடம் வந்தது.

பூட்டைத் திறந்ததுமே வாடை சொல்லிவிடும். கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியாது. பீரோவை இழுத்தால் பின்சுவர் கறுத்திருக்கும். சார்ட் ஒட்டிய இடம், பிளைவுட் போர்டின் முதுகு, தரையோடு அடுக்கிய பழைய பாடநூல்கள்: காகிதமும் மரமும் ஈரமும் காற்றோட்டமில்லாமல் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

பெற்றோரின் பயம் வேறு மாதிரி இருந்தது. அந்த வருடம் மே மாதத்தில்தான் கரும்பூஞ்சை எனப்பட்ட மியூகார்மைகோசிஸை, கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அரசு அறிவித்திருந்தது. சுவரில் கறுப்புப் புள்ளியைப் பார்த்தவர்கள், "இது அந்தக் கரும்பூஞ்சையா சார்?" என்றார்கள். அது இல்லை. அந்த நோயில் கறுப்பது செத்துப்போன சதை. சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகள். ஆனால் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அதுவும் தொல்லைதான்.

ஒரு தாளாளர் காற்றுச் சாம்பிள் எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழைக்காலத்தில் வெளிக்காற்றிலேயே பூஞ்சண வித்துகள் நிறைய இருக்கும். இத்தனைக்கு மேல் ஆபத்து என்று ஓர் எண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல்கூட வைக்கவில்லை. ஈரத்தை நிறுத்து என்கிறது. அந்தப் பணத்துக்கு மொட்டைமாடி ஓட்டை அடைத்துவிடலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எங்கள் வேலையில் பாதி. சுவரில் குத்தி ஈரம் பார்க்கும் ஊசி மீட்டர் இருக்கிறது. ஆனால் உப்பு பூத்த சுவரில் அது ஈரத்தை மிகையாகக் காட்டும். ஒரு பள்ளியில் மீட்டரைவிட ஆயாம்மா துல்லியம்: "மழையில வந்து பாத்தா தெரியாது சார். விட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்க, அப்பதான் இந்த மூலை கசியும்." மேலே ஏறிப் பார்த்தோம். வடிகுழாய் வாயை வேப்பஞ்சருகு அடைத்து, தண்ணீர் குளமாய் நின்றிருந்தது. அது மாடியில் பதித்த தட்டோட்டின் இடுக்கில் இறங்கி, அடியிலுள்ள சுருக்கியில், அதாவது செங்கல்-சுண்ணாம்புக் கலவையில், ஊறிக் கிடந்து, பிறகுதான் சொட்டுகிறது. அடிச்சுவரில் தரையிலிருந்து ஏறும் ஓதம் வேறு கதை. அதற்கு மாடியில் ஏறிப் பயனில்லை.

எங்கே போனாலும் முதலில் வரும் யோசனை, "ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிடலாமா?" ஈரச்சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் கொப்புளித்து உரியும், பூஞ்சணம் அடியிலேயே இருக்கும். அதைவிடப் பழைய சுண்ணாம்பு வெள்ளையடிப்பே மேலானது. அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் சுலபத்தில் பிடிக்காது, சுவரும் காயும். ஆனால் கைபட்டால் ஒட்டுகிறது என்று யாரும் விரும்புவதில்லை. யூனிஃபார்ம் துவைப்பவர்கள் நிலையில் அதுவும் நியாயம்தான்.

அந்த டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் கேட்பதெல்லாம் கட்டடம் நிற்குமா என்றுதான். அதுதான் முதலில் கேட்க வேண்டியதும். பூஞ்சணம், கட்டடம் பலமிழப்பது இரண்டுக்கும் வேர் பல இடங்களில் ஒன்றே. கூரையில் நிற்கும் தண்ணீர்தான் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. அதனால் உறுதித்தன்மை பார்க்கப் போகும் இடத்திலும் பீரோவை இழுத்துப் பார்க்கிறோம். திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து அரையடி தள்ளி வைக்கச் சொல்கிறோம்.