0.32 ஆம்ப்பில் எவ்வளவு சரிக்கட்ட முடியும்?

மீன்பாடி வண்டிக்கோ, பட்டறைக்குள் ஓடும் டிராலிக்கோ லெட்-ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 16 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் 48 வோல்ட் பேக் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிஎம்எஸ் நல்லா பேலன்ஸ் பண்ணும்?" என்றுதான். பிஎம்எஸ் என்பது செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் வெட்டும் போர்டு; பேலன்ஸ் என்பது முன்னால் நிற்கும் செல்லை வடித்து எல்லாவற்றையும் ஒரே சார்ஜுக்குக் கொண்டுவருவது. எவ்வளவு வித்தியாசத்தை எத்தனை மணி நேரத்தில் சரிக்கட்டும் என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கு சின்னது. 100 ஏஎச் (ஆம்ப்-மணி) செல்களில் ஒன்று மற்றவற்றைவிட 5 சதவீதம் முன்னால் நிற்கிறது என்றால், 5 ஏஎச் வடிய வேண்டும். 50 மில்லி ஆம்ப் வடிக்கும் மலிவு போர்டுக்கு இது 100 மணி நேர வேலை. கீழே சொல்லும் சர்க்யூட் 0.32 ஆம்ப் வடிக்கும். அதற்கும் 16 மணி நேரம். ஆனால் எல்எஃப்பி செல்லில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே 3.40 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான். நடுவில் 40 சதவீதமும் 70 சதவீதமும் மல்டிமீட்டரில் சில பத்து மில்லிவோல்ட் தள்ளித்தான் இருக்கும். அந்த இடத்தில் பேலன்ஸ் செய்தால் தப்பான செல்லை வடிப்பீர்கள். சார்ஜின் கடைசிச் சில நிமிடங்கள்தான் போர்டுக்குக் கிடைக்கும் நேரம்.

அதனால் பெரிய வித்தியாசத்தைப் பேக் கட்டும் முன்பே தீர்த்துவிட வேண்டும். முதலில் வரிசையாகவே மாட்டி, பிஎம்எஸ் போட்டு, ஏதாவது ஒரு செல் 3.60 தொடும்வரை சார்ஜ் செய்யுங்கள். பிறகு கழற்றி, 16 செல்லின் பாசிட்டிவை ஒன்றாகவும் நெகட்டிவை ஒன்றாகவும் இணைத்து, பெஞ்ச் சப்ளையை 3.60 வோல்ட்டில் வைத்து ஏற்றுங்கள். வயரை மாட்டும் முன்பே வோல்ட்டேஜை வைத்துவிட வேண்டும். மாட்டிய பிறகு குமிழைத் திருகக் கூடாது. கரண்ட் 3, 4 ஆம்ப்புக்கு இறங்கினால் போதும். வரிசை சார்ஜைத் தவிர்த்துவிட்டு பாதி சார்ஜில் இருக்கும் செல்களை நேராக 10 ஆம்ப் சப்ளையில் போட்டால், 800 ஏஎச் ஏற 80 மணி நேரம் ஆகும்.

இனி சர்க்யூட். ஒரு செல்லுக்கு ஒரு போர்டு: டிஎல்431பி (வைத்த வோல்ட்டேஜைத் தாண்டினால் கடத்தும் சிப்) ஒன்று, பிடி140-16 டிரான்சிஸ்டர் ஒன்று, 10 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், 68 ஓம், 560 ஓம், 330 ஓம், சிவப்பு எல்இடி, 1 ஆம்ப் ஃபியூஸ். வோல்ட்டேஜைப் பிரிக்க 10கே, 3.9கே, 120 ஓம், மூன்றும் 1 சதவீத ரகம். 4.02கே என்று கேட்டால் கடையில் விழிப்பார்கள், 3.9கே-யோடு 120 ஓமை வரிசையில் சேர்த்தால் அதே மதிப்பு. அதை பாசிட்டிவிலிருந்து ரெஃபரன்ஸ் காலுக்கும், 10கே-யை அங்கிருந்து நெகட்டிவுக்கும் போட்டால் 3.50 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும். பிடி140-இன் எமிட்டர் செல் பாசிட்டிவில். கலெக்டர் 10 ஓம் வழியாக நெகட்டிவுக்கு. பேஸ் 68 ஓம் வழியாக டிஎல்431-இன் கேத்தோடுக்கு, ஆனோடு நெகட்டிவுக்கு. எல்இடியும் 330 ஓமும் வரிசையாகச் சேர்ந்து 10 ஓமுக்குக் குறுக்கே.

560 ஓம் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே. இதைத்தான் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். டிஎல்431 விழிப்பதற்கு முன்பே சில நூறு மைக்ரோ ஆம்ப் இழுக்கும். 560 ஓம் இல்லையென்றால் டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்காக்கும். எல்இடி எரியாது, ஆனால் 20, 30 மில்லி ஆம்ப் இரவு பகலாகத் திருட்டுத்தனமாக வடியும். எனவே போர்டை எல்இடியை மட்டும் பார்த்துத் தேறியது என்று விடாதீர்கள். போர்டைப் பெஞ்ச் சப்ளையில் மாட்டி, ஃபியூஸ் இடத்தில் மீட்டரை வைத்து 3.40 வோல்ட்டில் பாருங்கள்: ஒரு மில்லி ஆம்ப்பைத் தாண்டக் கூடாது. பிறகு 10 மில்லிவோல்ட்டாக ஏற்றி, எல்இடி எரியும் வோல்ட்டேஜைப் போர்டிலேயே மார்க்கரால் எழுதுங்கள். 3.47-க்குக் கீழோ 3.53-க்கு மேலோ வந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் சாதா டிஎல்431 2 சதவீத ரகம், 3.5 வோல்ட்டில் அது 70 மில்லிவோல்ட். 'பி' ரகம் அரை சதவீதம். 16 போர்டுக்கு 25 வாங்குங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடந்துபோகும் தூரம்தான். இரண்டாவது தடவை அலைய வேண்டாம்.

16 போர்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் கிட்டத்தட்ட 18 வாட் சூடு. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியில் அதையும் பேட்டரிப் பெட்டிக்குள் பூட்டுவது முட்டாள்தனம். ரெசிஸ்டர்கள் பெட்டிக்கு வெளியே, அலுமினியத் தகட்டின் மேல் இருக்கட்டும். செல் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் நிற்க வேண்டும்.

வடிப்பதை நீங்களே செய்யலாம். துண்டிக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். 3.65-க்கு மேலும் 2.5-க்குக் கீழும் வெட்டுவதற்குக் கடையில் விற்கும் 16எஸ் (16 செல் வரிசைக்கான) பிஎம்எஸ் தனியாக இருக்கட்டும். அதில் கரண்டை வெட்டும் மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும், அதனால் பேக் பாசிட்டிவில் டிசி ஃபியூஸ் கட்டாயம். பிஎம்எஸ் செல் வோல்ட்டேஜை அளக்கும் சென்ஸ் வயரும் போர்டின் வயரும் தனித்தனியாக வர வேண்டும். ஒரே வயரில் 0.1 ஓம் இருந்தாலே 32 மில்லிவோல்ட் பொய் சொல்லும். பிஎம்எஸ்ஸின் 17 பின் பிளக்கைச் சொருகும் முன் நெகட்டிவிலிருந்து ஒவ்வொரு பின்னாக அளந்து பாருங்கள்: 3.3, 6.6, 9.9 என்று படியாக ஏற வேண்டும். ஒரு படி இடறினாலும் சொருகாதீர்கள். கை மோதிரம், செயின் எல்லாம் கழற்றிவைத்துவிட்டு, ஸ்பேனருக்கு டேப் சுற்றிக்கொண்டு உட்காருங்கள்.

சார்ஜர் 56.0 வோல்ட். 10 ஆம்ப் உள்ளே வரும்போது 0.32 ஆம்ப் வடிகால் எதையும் தடுக்காது. கடைசியில் கரண்ட் குறைந்து ஒரு ஆம்ப்புக்குள் வரும்போதுதான் அதற்கு வேலை. அதற்கு முன்பே பிஎம்எஸ் வெட்டுகிறதென்றால் வித்தியாசம் பெரியது. மறுபடி பேரலலில் போட வேண்டியதுதான்.

ஆனால் கழற்றும் முன் ஜாயின்ட்டைப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கக் கடற்காற்றில் "செல் போச்சு" என்று தூக்கி எறிவதில் பாதி, செல்களை இணைக்கும் பட்டையான பஸ்பாரின் கோளாறு. சார்ஜில் ஒரு செல் மட்டும் 10 மில்லிவோல்ட் மேலே, ஓட்டும்போது அதே செல் 50 கீழே, நிறுத்தினால் எல்லாரோடும் சமம் என்றால் செல்லில் குற்றமில்லை. 10 ஆம்ப் சார்ஜிலும் 50 ஆம்ப் ஓட்டத்திலும் ஒரு மில்லி ஓம் செய்யும் வேலை அது. மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் டெர்மினல் மேலேயே, இன்னொன்றைப் பஸ்பார் மேல் வைத்து, லோடு கொடுத்துப் பாருங்கள். அந்த 50 மில்லிவோல்ட் அங்கே உட்கார்ந்திருக்கும். உப்புக் காற்றுக்கு மருந்து உப்புத்தாள்: அலுமினிய டெர்மினலை நைஸ் தாளால் தேய்த்து, துடைத்து, மெல்லிசாக வாசலின் தடவி, உடனே முறுக்குங்கள். மறுநாள் என்றால் மறுபடி ஆக்சைடு படர்ந்துவிடும். வெறும் செம்புப் பட்டை வேண்டாம், நிக்கல் பூசியது வாங்குங்கள். போர்டில் சால்டர் ஃப்ளக்ஸை ஐபிஏ-வால் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கழுவி, அக்ரிலிக் ஸ்ப்ரே அடியுங்கள். ஈரம் ஏறிய ஃப்ளக்ஸும் ஒரு வடிகால்தான்.

பதிவு எண் உள்ள ஆட்டோவில் இதையெல்லாம் செய்யாதீர்கள். வாகனத்தை மாற்றியமைப்பதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பேட்டரிக்கு ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புச் சோதனை தனியாக இருக்கிறது.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை, எந்த எல்இடி முதலில் எரிகிறது, கடைசி எல்இடி எத்தனை நிமிடம் கழித்து எரிகிறது என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். இடைவெளி வாராவாரம் குறைந்தால் போர்டு வேலை செய்கிறது. ஒரே எல்இடி ஒவ்வொரு வாரமும் இன்னும் தாமதமாகிக்கொண்டே போனால், அந்தச் செல் உள்ளுக்குள் கசிகிறது; அதை மாற்றிவிடுங்கள்.